பிள்ளைகள் வரையும் வன்னி

நில அளவைத் திணைக்களத்தின் படத்தாளொன்றை விரித்து வன்னிப் பெருநிலப்பரப்பை நோக்குவோரின் கண்ணில் முதலிற் படுவன குளங்களேயாகும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கனகராயன்குளம் எனப் பெரியனவும், அயலூரார்க்கன்றிப் பிறர்க்குப் பெயர் தெரியாத சிறியனவுமாக அவை தாள் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. 1895ஆம் ஆண்டிலே ஜே. பி. லூயிஸ் தொகுத்த வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு தொடக்கம் இன்றைய செய்மதிப் படங்கள் வரை இந்நிலம் பன்முறை அளக்கப்பட்டும் எழுதப்பட்டும் வந்துள்ளது. வரி அறவிட வந்தவர் அளந்தனர். குடியேற்றத் திட்டம் வகுத்தவர் அளந்தனர். படை நடத்தியவர் அளந்தனர். போர் ஓய்ந்தபின் மிதிவெடி அகற்ற வந்தவரும் அளந்தனர். ஒவ்வொருவர் படமும் அவரவர் தேவைக்கேற்பவே அமைந்தது. கிணற்றடிக்குத் தனியே போகும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தேவையை எண்ணி வரையப்பட்ட படம் இவற்றுள் இல்லை.

அத்தகைய படத்தைப் பிள்ளையே வரையக்கூடும் என்ற எண்ணம் ஆய்வுலகிற் புதியதன்று. யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவில் கெவின் லின்ச் என்பார் 1970களில் ஆர்ஜென்ரீனா, அவுஸ்திரேலியா, மெக்சிக்கோ, போலந்து ஆகிய நாடுகளின் வளரிளம் பிள்ளைகளைத் தத்தம் வாழிடத்தை வரையச் செய்தார். அம்முயற்சியின் பேறான நூல் 1977இல் வெளிவந்தது. அமெரிக்காவின் சிற்றூரொன்றிலே பிள்ளைகளோடு திரிந்து அவர்தம் இட அறிவை ஆராய்ந்த ரொஜர் ஹாட்டின் நூல் 1979இல் வெளிவந்தது. திட்டமிடுவோர் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய இடங்களைக் காட்டிலும், எவரும் எதற்கும் ஒதுக்காத புதரும் வெறும் வளவும் நீரோரமுமே அவர்தம் வாழ்விற் பெரிய இடம் பெறுகின்றன என்பது இத்தகைய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த செய்தியாகும்.

பிள்ளையின் படத்திலே அளவுத்திட்டம் பிழைத்திருக்கும். கடி நாய் படுத்திருக்கும் ஒழுங்கை உள்ளதினும் மும்மடங்கு நீண்டிருக்கும். அம்மம்மா வீடு பாடசாலையிலும் பெரிதாயிருக்கும். பிரதேச செயலகம் இடம்பெறாமலே போகும். புவியியல் ஆசிரியர் இதற்குப் புள்ளி குறைப்பார். ஆயின் சிறுவர் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்க்கு இப்பிழைகளே முதன்மையான தகவல்களாகும். ஒழுங்கை ஏன் நீண்டது, செயலகம் ஏன் காணாமற் போயிற்று எனும் வினாக்கள் எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை.

வன்னிப் பிள்ளைகளின் நிலையில் வேறொரு சிக்கலும் உண்டு. ஊரை வரைவதற்கு ஊர் ஓரிடத்தில் நிற்றல் வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடல் கடந்து வன்னியை அடைந்தனர். அவர்களுள் கிளிநொச்சியில் ஒதுங்கியோரை 1996இன் போர் மீண்டும் பெயர்த்தது. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானபோது மக்கள் கிழக்கே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என நகர்ந்து மே மாதத்தில் முள்ளிவாய்க்காலின் மணலில் முடங்கினர். எஞ்சியோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஓமந்தை வழியாக வவுனியா மாவட்ட முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவற்றுட் பெரியதான செட்டிகுளத்து மெனிக் பாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. இத்தலைமுறைப் பிள்ளை தன் ஊரை வரையப் புகுந்தால் நடுவில் வீடும் சுற்றிலும் அயலுமாக அது அமையாது. ஒரு நீண்ட கோடாகவே அமையும். அக்கோட்டின் அளவுத்திட்டம் மைலுமன்று, கிலோமீற்றருமன்று. தறப்பாளின் கீழும் பதுங்குகுழியிலும் கழிந்த இரவுகளே அதன் அலகு. 2009இற் பத்து வயதாயிருந்தோர் இன்று இருபதுகளின் நடுவில் உள்ளனர். அவர்களிற் பலர் தாய்மாராயும் முன்பள்ளி ஆசிரியைகளாயும் உள்ள நிலையில், அவர்தம் கோட்டுப்படம் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் கதைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்து வீட்டில் பிறந்து வளரும் பிள்ளையும் தான் காணாத மாத்தளனைத் தன் கதையிற் குறிப்பிடுதல் வியப்பன்று.

இனி, சிறுவர் பராமரிப்பு என்பது இந்நிலத்தில் எவ்வாறு அமைந்தது என நோக்கலாம். இலங்கையிற் சிறுவர், இளையோர் பற்றிய கட்டளைச் சட்டம் 1939இலும் அநாதை இல்லங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1941இலும் இயற்றப்பட்டன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் வழியே நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாண சபைகளின் பொறுப்பாயின. எனவே இத்துறையின் முதுகெலும்பு காலனித்துவக் காலச் சட்டமாகவும், அதன் கைகால்கள் மாகாண நிர்வாகமாகவும் உள்ளன. இச்சட்டங்களின் மொழியிற் பிள்ளை ‘ஒப்படைக்கப்படும்’ பொருளாகவே பெரும்பாலும் தோன்றுகிறது. நீதிமன்றம் ஒப்படைக்கிறது, இல்லம் பொறுப்பேற்கிறது, கோப்பு திறக்கப்படுகிறது.

அரச ஏடுகளுக்கு வெளியே வேறொரு மரபும் வன்னிக்கு உண்டு. இன்று அது போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. மலையகத்திலிருந்து வன்முறையாலும் பசியாலும் துரத்தப்பட்டு 1970களில் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறிய மக்களிடையே காந்தீயம் இயக்கம் பணிபுரிந்தது. மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் அதனை நடத்தினர். காட்டை வெட்டிக் கொட்டில் போட்ட அந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை அமைப்பது அவ்வியக்கத்தின் முதன்மையான பணிகளுள் ஒன்றாயிற்று. தாய்மார் வயலிலும் தோட்டத்திலும் கூலிக்குப் போகும் பொழுதிற் பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்வியிலிருந்தே அப்பாலர் பாடசாலை எழுந்தது எனலாம். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் பல்லாண்டு தமிழகத்தில் வாழ்ந்து, திரும்பி வந்து, 2015இற் கிளிநொச்சியிற் காலமானார். அவர்கள் எழுப்பிய கேள்வி இன்றும் வன்னியில் உயிரோடுள்ளது. அன்று வயலுக்குப் போன தாய் இன்று விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள். கணவனைப் போரில் இழந்தோ, காணாமலாக்கப்பட்டோரின் பட்டியலில் தேடிக்கொண்டோ தனித்துக் குடும்பம் சுமக்கும் பெண்கள் மிகுந்த நிலத்தில், பாடசாலை விட்ட பின் இருட்டும் வரை பிள்ளை யாருடன் இருக்கிறது என்பது சிறு வினாவன்று. முன்பள்ளி நண்பகலுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. பகல் பராமரிப்பு நிலையம் நகரங்களுக்கு வெளியே அரிது.

இவ்விடத்திலேதான் படமும் கதையும் பயன்படுதல் கூடும். பிள்ளைகளை நாளின் படத்தை வரையச் செய்யலாம்: காலையில் எங்கே, மதியம் எங்கே, மாலை எங்கே, அவ்வவ்விடத்தில் அருகில் யார். இதற்குக் கடதாசியும் வேண்டியதில்லை. கூட்டிப் பெருக்கிய முற்றமும், ஒரு தடியும், புளியங்கொட்டையும், கூழாங்கல்லும் போதும். வீட்டைப் புளியங்கொட்டையாலும் பயமுள்ள இடத்தைக் கல்லாலும் பிள்ளைகள் காட்டுவர். அவ்வாறு இட்ட கற்கள் கட்டில்லாப் பாழுங்கிணற்றிலோ, கள்ளுத் தவறணை வாசலிலோ, யானை இறங்கும் வாய்க்கால் ஓரத்திலோ, ‘மிதிவெடி அகற்றப்பட்டது’ என அறிவிக்கப்பட்ட பின்னரும் எவரும் கால் வைக்காத பற்றையிலோ குவியலாம். பத்துப் பிள்ளைகள் தனித்தனியே வரைந்த படங்களிற் பத்துக் கற்களும் ஒரே இடத்தில் விழுந்தால், அதை வெறும் குழந்தைப் பயம் என்று எந்த உத்தியோகத்தரும் தள்ளிவிட முடியாது.

படம் மட்டும் போதாதோ, கதை எதற்கு என ஒருவர் கேட்கலாம். கல் விழுந்த இடத்தைப் படம் சொல்லும். ஏன் விழுந்தது என்பதைக் கதைதான் சொல்லும். அதுவுமன்றி, நேரிற் கேட்டால் வாய் திறவாத பிள்ளை, ‘ஓர் ஊரிலே ஒரு மயில் இருந்தது’ என்று தொடங்கினால் மயிலின் வாயால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அம்மம்மாமார் திண்ணையிற் கதை சொல்லிப் பிள்ளை வளர்த்த நாட்டில் இதற்கு வெளிநாட்டு நிபுணர் வந்து விளக்கம் தரவேண்டியதில்லை. எனினும் வெளியிலிருந்து வந்தோரிற் சிலர் இதனை ஊன்றி உணர்ந்து செயற்பட்டமையையும் மறுத்தலாகாது. 1996இல் மட்டக்களப்பில் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும். போருக்குள் வாழ்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண்ணாலும் நிறத்தாலும் நாடகத்தாலும் தங்கள் கதைகளைத் தாமே ஆக்கினர். நோயைக் கண்டறிந்து மருந்து கொடுக்கும் இடமாக அல்லாது, கதை பிறக்கும் தோட்டமாக அது அமைந்தமையே அதன் சிறப்பு.

வடகிழக்கில் வேறொரு முறையும் கையாளப்பட்டது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உளவியலாளர் உள்ளூர் ஆசிரியர்களை ஆலோசகர்களாகப் பயிற்றினர். அம்முறையிலே தரையில் ஒரு கயிறு இடப்படும். அது பிள்ளையின் வாழ்க்கை. மகிழ்ந்த நிகழ்வு உள்ள இடத்திற் பூவும், துயர நிகழ்வு உள்ள இடத்திற் கல்லும் வைக்கப்படும். பின்னர் ஒவ்வொன்றாகக் கதை சொல்லப்படும். முன் கூறிய கோட்டுப்படத்தையே இக்கயிறு நினைவூட்டுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் 31 பிள்ளைகளிடம் இம்முறையையும் தியானத்தோடு கூடிய தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டபோது, இரண்டுமே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பயன்தந்தமை தெரியவந்தது. கதை ஒன்றே மருந்து என்று முழங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

எனினும் உள ஆற்றுப்படுத்தலும் இங்கே பேசப்படும் பணியும் ஒன்றல்ல என்பதை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. கயிற்றின் மீதுள்ள கல் பிள்ளையின் உள்ளத்தை நோக்கியது. அதை இலகுவாக்குவது ஆலோசகரின் வேலை. படத்தின் மீதுள்ள கல் வெளியுலகை நோக்கியது. அதை அகற்றுவது நிர்வாகத்தின் வேலை. விளக்கில்லாத வீதிக்குப் பயப்படும் பிள்ளையை உளவளத்துணைக்கு அனுப்பிவிட்டு வீதியை இருட்டாகவே விட்டுவைப்பது எவ்வகையிலும் பராமரிப்பாகாது. போருக்குப் பிந்திய வன்னியிற் பிள்ளைகளின் சித்திரங்கள் ஏராளமாகச் சேகரிக்கப்பட்டன. அவை கண்காட்சிகளிலும் அறிக்கை அட்டைகளிலும் இடம்பெற்றன, காண்போர் கண்கலங்கினர். அச்சித்திரங்களைத் துயரச் சான்றாகக் கண்டவர் பலர். சேவை பற்றிய முறைப்பாடாக வாசித்தவர் சிலரே.

சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளின் நிலையில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. இல்லத்தை எங்கே கட்டுவது என்பதைப் பிள்ளைகளிடம் எவரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவைத் தாக்கியபோது கடலை அண்டியிருந்த செந்தளிர் சிறுவர் இல்லமும் அழிந்தது; அங்கிருந்த பிள்ளைகளுள் மிகப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டிலே இலங்கையின் சிறுவர் இல்லங்கள் பற்றிச் ‘சேவ் த சில்ரன்’ நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. பின்னர் 2024இல் நாட்டின் பிரதமரான ஹரிணி அமரசூரிய அதன் ஆசிரியருள் ஒருவர். இல்லங்களிலுள்ள பிள்ளைகளிற் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதும், வறுமையே அவர்களை அங்கு கொண்டுவந்து சேர்த்த பெருங்காரணம் என்பதும் அவ்வாய்வால் வெளிப்பட்டன. ‘அநாதை’ என்ற சொல்லையே இதன்பின் எச்சரிக்கையோடு ஆளவேண்டியதாகிறது.

இத்தகைய பிள்ளையொன்று ‘எனக்குரியவர்கள்’ எனும் படத்தை வரைவதாகக் கொள்க. நடுவிலே தான், ஒருபுறம் இல்லத்து அக்கா, தொலைவிலே அம்மா, இடையிலே ஓர் ஆறு. மறுபுறம், எவரும் எதிர்பாராதவாறு, மாங்குளத்திலே ஒரு பெரியம்மா. அவர் வீட்டில் இரண்டு ஆடுகள், ஒரு துலா. கோப்பிலே தாயின் பெயர் இருக்கும், தந்தையின் இறப்புச் சான்றிதழ் இருக்கும்; பெரியம்மா இருக்கமாட்டார். படிவத்தில் அவருக்கென ஒரு கட்டமில்லை. தமிழ்க் குடும்பத்திற் பெரியம்மாவும் சித்தியும் தாய்க்கு அடுத்த நிலையினர் என்பதை உறவுப் பெயர்களே உரைத்து நிற்கவும், கோப்பு அதனை அறியாதிருத்தல் விந்தையே. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989இல் நிறைவேறியது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பற்றிய விடயங்களிற் பிள்ளையின் கருத்தைக் கேட்டு உரிய மதிப்பளிக்கவேண்டும் என அதன் 12ஆம் உறுப்புரையும், பராமரிப்புக்கென ஓரிடத்தில் வைக்கப்பட்ட பிள்ளையின் நிலை காலத்துக்குக் காலம் மீளாராயப்படவேண்டும் என 25ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. மீளாய்வு நாளிற் கோப்போடு அப்படத்தையும் மேசையில் விரித்தால், மாங்குளத்துக்கு ஒருமுறை போய்வரவேண்டும் என்ற எண்ணமாவது பிறக்கும்.

இம்முயற்சியில் ஆபத்துகளும் உள. வன்னியிற் படம் என்பது வெறும் படமாக என்றுமே இருந்ததில்லை. போர்க்காலத்திற் கையிற் படத்தாளோடு பிடிபடுவது உயிராபத்து. போரின் பின்னரும் வினவுவோர் பலராகவும் வினவுவதன் நோக்கம் தெளிவற்றதாகவும் இருந்த சூழலிற் பிள்ளைகள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை வீட்டிலேயே கற்றுக்கொண்டனர். ஆகவே படம் யாரிடம் இருக்கும், யார் பார்ப்பர், பெயர் எழுதப்படுமா என்பன முதலிலேயே பிள்ளைக்குச் சொல்லப்படவேண்டும். வரைய மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தலாகாது. ஊர்க் கிணறும் வீதியும் எல்லோரும் கூடி வரையும் படத்துக்குரியவை. தன்னைத் தொட்ட கையைப் பற்றிப் பிள்ளை சொல்ல நேர்ந்தால் அது கூட்டத்துக்குரியதன்று. அதைத் தனியே கேட்டு, 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கோ அதன் 1929 எனும் தொலைபேசி எண்ணுக்கோ அறிவிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருத்தல் இன்றியமையாதது. அத்தகையவர் இல்லாத இடத்தில் இப்பணியைத் தொடங்காதிருப்பதே மேல்.

மற்றோர் ஆபத்து இதனினும் சாதாரணமானது. ஆதலால் இதனினும் பரவலானது. ரொஜர் ஹாட் 1992இல் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். பிள்ளைகளைத் தம் விருப்புக்கு ஆட்டுவித்தல், அலங்காரமாக நிறுத்துதல், பெயரளவிற் கேட்டல் ஆகிய கீழ்மூன்று படிகளையும் அவர் பங்கேற்பென்றே கொள்ளவில்லை. ஒக்ரோபர் முதலாந் திகதிச் சிறுவர் தின விழாக்களைக் கண்டோர்க்கு அவ்விரண்டாம் படி நன்கு பழக்கமானது. வெயிலிலே வரிசை, கையிலே பலூன், மேடையிலே பிரதம விருந்தினர், கடைசியில் ஓர் இனிப்புப் பொதி. பிள்ளைகளின் படங்களும் அம்மண்டபச் சுவரில் ஒருநாள் தொங்கி மறுநாள் கழற்றப்படுமாயின், வரையச் சொன்ன உழைப்பு வீண் என்பதோடு, கேட்டும் கேளாதாரிடம் இனி எதையும் சொல்வதில்லை என்ற முடிவுக்கும் பிள்ளை வந்துவிடும்.

பதில் சொல்லும் கடப்பாட்டை முறைமையாக்க முயன்ற ஓரிடம் கர்நாடகத்தின் குந்தாப்புரப் பகுதியாகும். அங்கு உழைக்கும் பிள்ளைகளின் அமைப்பான பீமா சங்கம் 1990களிலேயே தத்தம் ஊர்களின் நிலையைத் தாமே திரட்டத் தொடங்கியது. பள்ளிக்குச் செல்லும் வழியில் மழைக்காலத்திற் பெருகும் ஓடைகள், அவற்றின்மேல் இல்லாத நடைபாலங்கள், விறகுக்கு நடக்கும் தூரம் ஆகியவற்றைப் பிள்ளைகள் பெரியோரின் ஊராட்சி முன் வைத்தனர். அதற்கென ‘மக்கள பஞ்சாயத்து’ எனும் சிறுவர் மன்றமும் எழுந்தது. கன்னடத்தில் ‘மக்கள’ என்பது ‘பிள்ளைகளின்’ எனப் பொருள்படும். திருக்குறளின் ‘மக்கட்பேறு’ எனும் அதிகாரப் பெயரிலே அப்பழம் பொருள் தமிழிலும் நிலைத்திருக்கின்றது. நாமோ பேச்சுவழக்கில் மக்களிலிருந்து பிள்ளைகளை நீக்கிவிட்டோம். பின்னர் கர்நாடக அரசே ஊராட்சிகளிற் சிறுவர் கிராம சபைகளைக் கூட்டுமாறு பணித்தது. பிள்ளை கேட்டவை அனைத்தும் அங்கு நிறைவேறின என்று கொள்ளவேண்டியதில்லை. கேள்வியொன்று ஏட்டில் ஏறி, அதற்கு ஒருவர் பெயரால் விடை எழுதப்படவேண்டிய நிலை உண்டாயிற்று.

வன்னியில் இதற்கெனப் புதிய அலுவலகமொன்றைத் திறக்கவேண்டிய தேவையில்லை. பிரதேச செயலகங்களிற் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பதவியுண்டு. கிராமங்களிற் சிறுவர் கழகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மாகாணத் திணைக்களத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர் இல்லங்களுக்குச் செல்பவரே. குறைவாயிருப்பது அவர்தம் நேரமும், வாகனத்துக்கு எரிபொருளும், படிவத்திலே ஒரு வெற்றிடமுமாகும். முதலிரண்டுக்கும் பணம் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டியது கோப்பின் கடைசித் தாளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைச் சேர்த்துக் குத்துவது மட்டுமே. அத்தாளின் முன்புறம் பிள்ளை வரைந்த படம். பின்புறம் பிள்ளை சொன்ன கதை, சொன்ன சொற்களிலேயே. அதன் கீழே, இன்ன திகதிக்குள் இன்ன காரியம் செய்யப்படும் என்று உத்தியோகத்தர் எழுதி ஒப்பமிடும் இரண்டு வரி. அடுத்த முறை அவர் வரும்போது அவ்விரண்டு வரியைப் பிள்ளையே உரக்க வாசிக்கட்டும்.